உலகக் கவலை

ஆராதனை முடிஞ்சு வெளிய வந்து செருப்பைத் தேடிட்டு இருக்கேன், பக்கத்துல ஒரு அக்கா பாஸ்டர்கிட்ட "ஐயா, மகளுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்டணும், ஜெபம் பண்ணிக்கோங்க"ன்னு நிக்காங்க. அவரு சிரிச்சுகிட்டே "உலகக் கவலைய விட்டுருங்கம்மா, ஆண்டவர் பாத்துப்பாரு"ன்னுட்டு கார்ல ஏறிட்டாரு.

அந்த அக்காவுக்குக் காது ஓட்டையே தூர்ந்து போச்சு. ரட்சிக்கப்பட்டு விசுவாசத்துக்கு வந்தப்ப, நகையும் உலக ஆசைதான்னு கழட்டுன கம்மல், அப்புறம் போடவே இல்ல.

இதுக்கு மேல என்னத்த விடணும் அவங்க?

நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்னு பைபிள்ல மத்தேயு 6ல இருக்கு, சரி. ஆனா அப்போஸ்தலன் பவுலே கூடாரம் செய்ற தொழில் பாத்துதான் சாப்பிட்டாரு, வேலை செய்ய மனசில்லாதவன் சாப்பிடவும் கூடாதுன்னு தெசலோனிக்கேயருக்கு எழுதினதும் அவருதான். யோவான் 17ல இயேசுவே, இவங்கள உலகத்துலேர்ந்து எடுத்துக்கோங்கன்னு கேக்கல, தீமையிலேர்ந்து காப்பாத்துங்கன்னுதான் பிதாகிட்ட கேக்காரு.

நம்ம நாகர்கோவில் கதையவே எடுத்துக்கோங்க. 1820கள்ல மார்த்தா மால்ட்னு மிஷனரியம்மா பொம்பளப் பிள்ளைங்களுக்கு லேஸ் பின்னக் கத்துக் கொடுத்தாங்க, அந்தக் கூலிய சேத்து வச்சு அடிமைத்தனத்துலேர்ந்து தங்களையே மீட்டுக்கிட்ட பொண்ணுங்க உண்டு. ஊசி, நூல், கூலி... எல்லாம் உலகக் காரியம்தானே?

பண ஆசை வேற, மக ஃபீசுக்காகத் தூக்கம் கெடுறது வேற. ரெண்டையும் ஒரே மூட்டைல கட்டாதீங்க ஐயா.

நம்ம சபை ஆளுங்க யாராவது இத படிச்சா இன்பாக்ஸ் வாங்க, முதல் வருஷ ஃபீசாவது சேந்து கட்டிருவோம்.