அடிமனை வீட்டில் கழிப்பறை: பட்டா கேட்ட மேசையும் ஊற்றெடுத்த குழியும்

மயிலாடுதுறைப் பக்கம் இருக்கும் எங்கள் அக்காவின் வீட்டில், தூய்மை இந்தியா திட்டத்தின் தனிநபர் இல்லக் கழிப்பறை ஒருவழியாகக் கட்டி முடிந்து, ஊக்கத்தொகை 12,000 ரூபாயும் அவர் கணக்கில் ஏறிவிட்டது. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் எதிலும் சிக்கல் இல்லை. எங்களை அலைக்கழித்தவை பட்டாவும் குழியும்தான்.

அக்கா கணவரை இழந்தவர். பெண்ணைத் தலைவராகக் கொண்ட குடும்பம் என்பதால், வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் அவருக்கு இந்தத் தொகை உண்டு. ஆனால் டெல்டாவின் எத்தனையோ தெருக்களைப் போல அவர் வீடும் கோயில் மனையில் நிற்கிறது. கட்டடம் அவருடையது, மண் கோயிலுடையது, அதற்கு அடிமனை வாடகை கட்டிவருகிறார். "பட்டா நகல் இல்லாம மனுவ வாங்க முடியாதும்மா" என்று எழுத்தர் தாள்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் திருப்பி நீட்டினார். கோயிலில் தடையில்லாச் சான்று கேட்டால், அதிகாரி வெளியூர் போயிருக்கிறார் என்ற பதிலே ஒவ்வொரு முறையும் கிடைத்தது. விடியுமுன் இருட்டில் வாய்க்கால் கரைக்குப் போய்வரும் ஒரு பெண்ணை இப்படிக் காக்க வைத்ததை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. கடைசியில் வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, அடிமனை வாடகை ரசீது மூன்றையும் இணைத்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகப் பதிந்து எண் வாங்கிய பிறகுதான் அந்த மேசையில் கோப்பு நகர்ந்தது. வாய்மொழியாகச் சொல்லும் மறுப்பை ஏற்றுக்கொண்டு திரும்பாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது குழி. "ஒரே குழியா ஆழமா உறை இறக்கிடலாம்மா, ரொம்பவே ரொம்பாது" என்றார் கொத்தனார். ஐப்பசி மழைக்குப் பின் எங்கள் கொல்லையில் இடுப்பளவு தோண்டினாலே ஊற்று வந்துவிடும். குழியின் அடிமட்டத்துக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே 2 மீட்டராவது இருக்க வேண்டும். அது கிடைக்காத மண்ணில், குடிநீர் எடுக்கும் பம்பிலிருந்து குழி 10 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். ஆழக் குழி போட்டிருந்தால் கழிவு நேரே அடிபம்புத் தண்ணீரில்தான் கலந்திருக்கும். டேப் பிடித்து அளந்து கொல்லையின் கடைக்கோடிக்குப் போனோம். ஆழம் குறைந்த இரண்டு குழிகளாக்கி, உறைகளைத் தரைக்கு மேல் உயர்த்தி, சுற்றிலும் மண் கொட்டித் திமிசு போட்டோம். குழாய்க்கு வாட்டம் வேண்டுமென்பதால் கழிப்பறைத் தளத்தையும் படி வைத்து ஏற்ற வேண்டியிருந்தது. இந்தக் கூடுதல் செலவை அரசுத் தொகை தாங்காது; கையிலிருந்துதான் போட்டோம்.

கழிவுநீரை மண்ணுக்குள் இறங்கவிடும் இந்த மாதிரி உறிஞ்சுகுழியின் வாயுவை மண்ணே இழுத்துக்கொள்ளும், ஆகவே காற்றுக்குழாய் தேவையில்லை. அதற்குக் காசு கேட்டால் மறுத்துவிடுங்கள். கழிவை ஒரு நேரத்தில் ஒரு குழிக்கு மட்டும் அனுப்பும் பிரிப்புத் தொட்டியில் மற்றொரு வழியைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்களா என்று மூடி போடுமுன் நேரில் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டு வழியும் திறந்தே கிடந்தன. அப்படியே விட்டிருந்தால் இரண்டு குழியும் சேர்ந்து நிறைந்து, ஒன்றை ஆறப்போட்டு எருவாக்கும் ஏற்பாடே வீணாகியிருக்கும். குளியல் தண்ணீரையும் இந்தக் குழிகளில் விடக் கூடாது.

அதே தெருவில் அடிமனையில் குடியிருக்கும் மற்றவர்களிடம் இப்போதும் பட்டாதான் கேட்கிறார்கள். அக்காவின் மனு நகலையும் ரசீதுகளின் பட்டியலையும் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை சேர்ந்தே போகிறோம்.