நாசில் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும்

மருந்து அடித்தும் களை சாகவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குவது மருந்து. அடுத்தது வானிலை. அப்புறம் மருந்தை விற்றவர். ஸ்பிரேயரின் நுனியில் இருக்கும் நாசிலை யாரும் சந்தேகப்படுவதில்லை, ஏனென்றால் அது பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஓட்டை தேய்ந்து 15 சதவீதம் கூடுதலாக ஊற்றும் பழைய நாசிலையும் ஒரு புது நாசிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தண்ணீர் அடித்தால், எது புதுசு என்று என்னாலும் சொல்ல முடியாது. இரண்டிலும் தண்ணீர் விசிறி போல ஒரே மாதிரிதான் விரியும். அளந்து பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

பூம் ஸ்பிரேயரில், அதாவது நீளமான சட்டத்தில் வரிசையாக நாசில்கள் மாட்டிய வண்டி ஸ்பிரேயரில், நான் அளப்பது இப்படி. டேங்கைக் கழுவி நல்ல தண்ணீர் நிரப்புவேன். வெறும் தண்ணீர்தானே என்று கையுறையைக் கழற்றுவதில்லை. குழாய்க்குள் பழைய மருந்து எப்போதும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். டேங்க் ஃபில்டர், குழாய் ஃபில்டர், ஒவ்வொரு நாசிலுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ஃபில்டர் எல்லாவற்றையும் கழுவிய பிறகுதான் அளவு. இல்லாவிட்டால் நாசிலை அளப்பதாக நினைத்துக்கொண்டு அழுக்கை அளந்துகொண்டிருப்போம். வயலில் ஓட்டும்போது எஞ்சின் எந்த வேகத்தில் சுற்றுமோ அதே வேகம், அதே அழுத்தம். ஒவ்வொரு நாசிலுக்கும் கீழே ஜாடியைப் பிடித்து ஒரு நிமிடம்.

ஜாடியில் போட்டிருக்கும் கோடுகளை நான் நம்புவதில்லை. டேங்கில் பழைய மருந்தின் மிச்சம் இருந்தால் நுரை வேறு மேலே ஏறி நிற்கும், எந்தக் கோட்டைப் படிப்பது? காலி ஜாடியைச் சமையலறைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, தண்ணீரோடு எடை போடுகிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 1,200 கிராம் என்றால் 1.2 லிட்டர். தகராறு முடிந்தது. (அந்தத் தராசு அதற்கப்புறம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. ஸ்பிரேயருக்கென்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.)

எவ்வளவு வர வேண்டும் என்பது நாசிலின் நிறத்திலேயே இருக்கிறது. ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர முறைப்படி நிறம் போட்ட நாசில் என்றால், 3 பார் அழுத்தத்தில் மஞ்சள் (அளவு எண் 02) நிமிடத்துக்குச் சுமார் 0.8 லிட்டர், நீலம் (03) 1.2 லிட்டர், சிவப்பு (04) 1.6 லிட்டர். புது நாசிலின் அளவைவிட 10 சதவீதம் கூடிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. நீலத்தில் 1.32 லிட்டரைத் தாண்டினால் கழற்றிவிட வேண்டியதுதான். வரிசையில் இரண்டு மூன்று நாசில் அப்படி வந்தால் மொத்த செட்டையும் மாற்றிவிடுவேன். மற்றவையும் அதே மருந்தைக் குடித்து அதே அளவு உழைத்தவைதானே. குறைவாக வந்தால் தேய்மானம் இல்லை, அடைப்பு. கழுவிவிட்டு மறுபடி அளந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

10 சதவீதம்தானே என்று தோன்றலாம். ஹெக்டேருக்கு 200 லிட்டர் என்று கணக்கிட்டு 400 லிட்டர் டேங்கில் 2 ஹெக்டேருக்கான மருந்தைக் கலக்குகிறோம். நாசில் 15 சதவீதம் கூடுதலாக ஊற்றினால் போவது 230 லிட்டர். 1.74 ஹெக்டேரிலேயே டேங்க் காலி. மிச்சத்துக்கு மறுபடி கலக்க வேண்டும், ஏற்கெனவே அடித்த பயிருக்கு மருந்து அதிகமாகவும் போயிருக்கும்.

இந்த இடத்தில் பலர் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் அளவு சரியாகிவிடுமே? அளவு சரியாகும். ஆனால் துளி பெருத்துவிடும், விசிறியின் விரிவு சுருங்கும், இரண்டு நாசிலுக்கு நடுவே மருந்து குறைவாக விழும் பட்டை உண்டாகும். எதிர்த்திசையிலும் இதே கதைதான். அழுத்தத்தை ஏற்றி அளவைக் கூட்ட நினைத்தால், இருமடங்கு தண்ணீருக்கு நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். அதற்குள் துளி பொடிப்பொடியாகிக் காற்றோடு பக்கத்து வயலுக்குப் போய்விடும். அதிகம் வேண்டுமென்றால் அடுத்த நிறத்துக்கு மாறுவதே சரி.

தேய்மானத்தில் பித்தளைதான் முதலில் போகும், அதிலும் தண்ணீரில் கரைத்து அடிக்கும் தூள் மருந்து என்றால் சீக்கிரமே. பீங்கான் நாசில்தான் அதிக நாள் தாங்கும். ஆனால் தேய்மானத்தைவிட வேகமாக நாசிலைக் கெடுப்பது நம் கைதான். அடைத்துக்கொண்டதும் சட்டைப்பையில் இருந்து ஊக்கை எடுத்துக் குத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விசிறி நாசிலின் ஓட்டை ஒரு மெல்லிய கீறல். அதன் விளிம்பில் ஊசி முனை ஒருமுறை பட்டாலே அங்கிருந்து ஒரு கோடு தனியாகப் பீறிடும். வாயால் ஊதுவது அதைவிட மோசம், உதட்டில் படுவது விஷம். தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். வயலுக்குப் போகும்போது மாற்று நாசில் நாலைந்து பையில் இருந்தால் குத்த வேண்டிய அவசியமே வராது.

வேகத்தை மீட்டரைப் பார்த்து எடுக்காதீர்கள். வயலிலேயே 100 மீட்டர் அளந்து, டேங்க் பாதி நிரம்பிய நிலையில் ஓட்டி, 360-ஐ ஆன விநாடிகளால் வகுத்தால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 60 விநாடி என்றால் 6 கி.மீ. பிறகு ஒரு நாசிலின் நிமிட அளவை 600-ஆல் பெருக்கி, வேகத்தாலும் நாசில்களுக்கு நடுவே உள்ள தூரத்தாலும் (மீட்டரில்) வகுக்க வேண்டும். 1.2 லிட்டர், 6 கி.மீ., 0.5 மீட்டர் என்றால் ஹெக்டேருக்கு 240 லிட்டர். 110 டிகிரி கோணத்தில் விரியும் நாசில் 50 செ.மீ. இடைவெளியில் இருந்தால், பூமின் உயரமும் பயிருக்கு மேல் 50 செ.மீ. அளவில் இருக்கட்டும்.

முதுகில் மாட்டும் கைத்தெளிப்பானுக்கு இவ்வளவு கணக்குகூட வேண்டாம். 10 மீட்டருக்கு 10 மீட்டர் ஒரு சதுரம் குறித்து, டேங்கில் ஓர் அடையாளம் வரை தண்ணீர் ஊற்றி, வழக்கமான நடையில் அடித்துவிட்டு, மறுபடி அந்த அடையாளம் வரை நிரப்ப எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். 2 லிட்டர் என்றால் ஹெக்டேருக்கு 200 லிட்டர், ஏக்கருக்கு 80 லிட்டர் சொச்சம். ஹெக்டேருக்கு ஒரு லிட்டர் போட வேண்டிய மருந்து என்றால் 15 லிட்டர் டேங்குக்கு 75 மில்லி. மூடி கணக்கில் ஊற்றுகிற பழக்கம் இதோடு போய்விடும். ஒன்று மட்டும், மருந்து அடிக்கப்போகிறவரேதான் அந்தச் சதுரத்தில் நடக்க வேண்டும். என் நடைக்கு வந்த கணக்கு, என்னைவிட வேகமாக நடக்கிற இன்னொருவருக்குப் பொருந்தாது.