பட்டர் சிக்கன் படத்துக்குப் பின்னால் ஒரு தால் பாத்

டோக்கியோவில் பெரும்பாலான ரயில் நிலையங்களுக்குப் பக்கத்தில் ஓர் 'இந்திய-நேபாள' கடை இருக்கும். வாசலில் இரண்டு நாட்டுக் கொடிகள், பட்டர் சிக்கன் படம், தட்டுக்கு வெளியே தொங்கும் நான் ரொட்டி. ஜப்பானியர்கள் சுருக்கமாக 'இன்னேபா' என்பார்கள். நடத்துபவர்களில் பலர் நேபாளத்தின் பாக்லுங் மாவட்டத்துக்காரர்கள். தந்தூர் அடுப்பு அவர்கள் வீட்டுச் சமையலில் கிடையாது. வருகிறவர்கள் நான் ரொட்டியைத்தான் கேட்கிறார்கள், அதனால் மெனுவின் முதல் பக்கம் அப்படி.

ஆகவே கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். தால் பாத் (பருப்பும் சோறும்), தகாலி செட் (நேபாளத்தின் தகாலி மக்கள் முறையிலான தட்டுச் சாப்பாடு), சுகுட்டி (உலர்த்திய இறைச்சி), செகுவா (தணலில் சுட்ட இறைச்சி) என்று ஏதாவது கண்ணில் பட்டால் நல்ல சகுனம். இல்லாவிட்டாலும் கேட்கலாம், சமையல்கட்டில் இருப்பவர்கள் தங்களுக்கென்று பொங்குவது பெரும்பாலும் தால் பாத்தான். "நமஸ்தே தாஜு, தால் பாத் கிடைக்குமா?" என்றால் போதும். தாஜு என்றால் அண்ணன். பெண் என்றால் 'தீதி', அக்கா. மதியக் கூட்டம் ஓய்ந்தபின் கேட்பது நல்லது, ஆனால் மூன்று மணிக்குப் பல கடைகள் மூடிவிடும், ஐந்துக்குத்தான் திறப்பார்கள். நாளைக்கு வாருங்கள் என்று சொன்னால் தயங்காமல் சொல்லிவைத்துவிட்டு வாருங்கள்.

தட்டு வந்ததும் முதலில் பருப்பை முகர்ந்து பாருங்கள். தகாலி முறை என்றால் கறுப்பு உளுந்து, நெய்யில் ஜிம்பு தாளிப்பு. ஜிம்பு என்பது நேபாளத்தின் முஸ்தாங் பக்கத்து மலைகளில் விளையும், வெங்காய இனத்தைச் சேர்ந்த ஒரு புல். காயவைத்தால் முடிபோல மெலிந்திருக்கும். காய்ந்த நெய்யில் ஒரு சிட்டிகை போட்டு, நிறம் மாறியதுமே பருப்பில் கொட்டிவிட வேண்டும். சில விநாடி கூடினாலும் கருகிக் கசந்துவிடும், அந்தக் கசப்பு பாத்திரம் முழுக்க இறங்கும். சீரகமும் பூண்டும் மட்டும் தாளித்த பருப்பும் நன்றாகவே இருக்கும். அதைத் தகாலி என்று விற்பதுதான் எனக்குப் பிடிக்காது.

பருப்பு மொத்தத்தையும் சோற்றில் கவிழ்க்காதீர்கள். கொஞ்சம் ஊற்றிப் பிசைந்து, ஒவ்வொரு வாய்க்கும் அசார் என்ற ஊறுகாயைத் துளி தொட்டுக்கொள்ளுங்கள். அதில் திமுர் என்ற நேபாள மிளகு இருந்தால் நாக்கு லேசாக மரத்துப்போகும், பயப்பட வேண்டாம். சோறு, பருப்பு, காய் மறுபடி கேட்டால் பெரும்பாலும் காசில்லை. கறிக்கு அது பொருந்தாது. சில இடங்களில் கேட்காமலே கரண்டியோடு வந்து நிற்பார்கள். வயிறு நிறைந்துவிட்டால் "புக்யோ" (போதும்) என்று கையைக் குறுக்கே வையுங்கள்.

தீதோ கிடைத்தால் விடாதீர்கள். கேழ்வரகு மாவில் செய்தால் அது நம் களியேதான். கொதிநீரில் மாவைத் தூவி, கால் மணி நேரமாவது கை ஓயாமல் கிண்ட வேண்டும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே மாவுக் கட்டி நிற்கும், பச்சை வாசனையும் போகாது. கிள்ளி உருட்டி, குந்த்ருக் ரசத்தில் முக்கி, மெல்லாமல் விழுங்குங்கள். குந்த்ருக் என்பது புளிக்கவைத்துக் காயவைத்த கடுகுக்கீரை.

மோமோ ஆவியில் வேகப் பத்து நிமிடமாவது பிடிக்கும். உட்கார்ந்த உடனே வந்தால் முன்பே அவித்துச் சூடுகாட்டியது. மடிப்பு ஓரம் காய்ந்து வெடித்திருக்கும். முள்கரண்டியால் குத்தினால் உள்ளே இருக்கும் சாறெல்லாம் தட்டில் ஓடிவிடும், கையால் எடுங்கள். சைவக்காரர்கள் குழம்பில் மிதக்கும் ஜோல் மோமோ கேட்கும்போது காய்கறி மோமோ என்று மட்டும் சொன்னால் போதாது: குழம்பில் எலும்புச் சாறு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.