நிமிசத்துக்கு ரெண்டாயிரம்

“எல்லாமா எவ்வளவு முடிஞ்சுது?”

காரை வாசலில் நிறுத்தி நான் இறங்க முன்னமே அப்பா கேட்டது இதைத்தான். ஏதோ ஒரு தொகையைச் சொல்லி மழுப்பப் பார்த்தேன். அவர் முப்பது வருசம் ஹயர் கார் ஓடின மனிசன். அவரிடம் மழுப்பல் எடுபடாது. “பெற்றோல் எத்தினை லீற்றர்? அதிலயிருந்து சொல்லு” என்றார்.

என்னிடம் இருப்பது 1991ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5. ஜப்பானில் இதற்கு யூனோஸ் ரோட்ஸ்ரர் என்று பெயர். இரண்டே இருக்கை, மடித்துவிடும் கூரை, 1.6 லீற்றர் இஞ்சின், ஒரு தொன்னுக்குக் கொஞ்சம் குறைவான எடை. 2019இல் வாங்கினேன். என்ன விலைக்கு என்பது வீட்டில் இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. அடுத்த வருசம் மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது, பழைய காருக்கெல்லாம் விலை ஏறியது, “அப்பவே சொன்னேனே” என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். காருக்குச் சாமான் வாங்கக் கொழும்பில் பஞ்சிகாவத்தைக்கு அலையத் தொடங்கின பிறகு அந்த நிமிர்வு அடங்கிவிட்டது.

ஒரு கூட்டாளி அழைத்தான். களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுகுருந்தைப் பந்தயப் பாதையை ஒரு சனிக்கிழமை முழுக்க வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், ஆளுக்கு 30,000 ரூபாய். இதை ட்ராக் டே என்பார்கள். பந்தயம் இல்லை, கோப்பை இல்லை, முதலாம் இடமும் இல்லை. மூடிய பாதையில் உன்னுடைய காரை உன்னால் முடிந்த வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். இருபது நிமிசமாக ஆறு முறை. கணக்குப் பார்த்தால் மலிவு போலத்தான் தெரிந்தது. முன்னமே ஒருமுறை போய்வந்தவன் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பான்.

வடக்கில் இதற்கு இடமில்லை. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார் ஓட்டம் 1934இல் இருந்து நடக்கிறது. தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் பந்தயம். எங்களுக்குக் கிட்ட என்றால் அநுராதபுரம் சாலியபுரம், ஆனால் அது கிரவல் புழுதி. நிலத்தோடு ஒட்டின என்னுடைய கார் முதல் வளைவிலேயே வயிற்றைக் கிழித்துக்கொள்ளும். ஆகவே தார்ப்பாதை வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்தான் 440 கிலோமீற்றர் தெற்கே போகவேண்டும். போன காரிலேயே திரும்பியும் வரவேண்டும். செலவில் ஒரு பெரிய பங்கு இந்த இரண்டு வசனத்துக்குள் அடக்கம்.

வெள்ளி விடிய முன்னமே கிளம்பினேன். பின்பெட்டியில் ஜாக், சாவிப்பெட்டி, ஒரு கான் தண்ணீர். உடுப்புப் பை பக்கத்து இருக்கையில். ஆனையிறவைக் கடக்கும்போது உப்பளப் பக்கம் வெளிக்கத் தொடங்கியிருந்தது, கூரையை இறக்கினேன். முறிகண்டியில் வழக்கம்போல எல்லாரும் இறங்குகிற இடத்தில் நானும் இறங்கி, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கினேன். கச்சான் விற்கிற அம்மா காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பின்னுக்கு ஆக்கள் இருக்கேலாதோ? பிறகென்னத்துக்கு மோனை உது?” என்றார். பதில் சொல்லத் தெரியாமல் இன்னொரு பை கச்சான் வாங்கினேன்.

வவுனியாவுக்கு அப்பால் வெயில் ஏறக் கூரையை மூடினேன். ஏசி வேலை செய்யாது. மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம், சிலாபம் என்று லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, கட்டுநாயக்கா நெடுஞ்சாலையில் ஏறின பிறகுதான் கார் மூச்சு விட்டது. அங்கும் 100க்கு மேல் போகக் கூடாது. கெரவலப்பிட்டியால் திரும்பிக் கொட்டாவை, தொடங்கொடையில் இறங்கினால் களுத்துறை கிட்ட. அறை ஒரு இரவுக்கு 9,000. இரண்டு இரவு.

கட்டுகுருந்தை என்பது இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியக் கடற்படை வைத்திருந்த விமானத்தளம். கரையிலுள்ள தளத்துக்குக் கூடக் கப்பற்பெயர் வைப்பது அவர்கள் வழக்கம், இதற்கு எச்.எம்.எஸ். உக்குஸ்ஸா என்று வைத்தார்கள். சிங்களத்தில் பருந்து. இன்று அங்கே பொலிஸ் விசேட அதிரடிப்படையின் பயிற்சிக் கல்லூரியும் இருக்கிறது. பெயர்ப்பலகையைக் கண்டதும் என் கை தானாகவே சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தேடியது. யாரும் கேட்கவில்லை. எங்கள் வயதுக்காரருக்கு அது பழக்கம். அதே போரில் பலாலியிலும் ஓடுபாதை போட்டார்கள் என்பது நினைவுக்கு வந்தது. என் வீட்டிலிருந்து அரை மணித்தியாலம். ஆசைப்படுவதற்குக் காசு தேவையில்லைத்தானே.

முதல் இருபது நிமிசத்தைப் பற்றிச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன், ஆகவே ஒன்றே ஒன்று. றோட்டில் முப்பது வருசம் ஓட்டினவனுக்கும் இந்தப் பாதையில் பிறேக் அடிக்கத் தெரியாது. நாய், சைக்கிள், மாடு பார்த்துப் பழகின கால் மெல்ல மெல்ல மிதிக்கும். இங்கே வேகத்தை எல்லாம் ஒரேயடியாக இறக்கிவிட்டுத் திரும்பவேண்டும். ரயருக்குக் காலையில் காற்று 26 பிஎஸ்ஐ அடித்துவிட்டுப் போனேன், இறங்கி வந்து பார்த்தால் 33 காட்டியது. முன்சில்லுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோக முடியவில்லை. ரயரின் வெளி ஓரம் ரப்பர் உருண்டு உருண்டு, அழிறப்பர் தேய்த்த கொப்பி மாதிரிக் கிடந்தது.

இரண்டாவது முறை முடியப்போகிற நேரம், நீளமான நேர்ப்பாதையின் முடிவில் பெடலை மிதித்தேன். அது போனது. பஞ்சுத் தலையணையை மிதித்த மாதிரி அடிமட்டும் போனது. கியரை இறக்கி, பெடலை இரண்டு மூன்று தரம் குத்தி, கூம்புகளைத் தாண்டிப் புல்லுக்குள் போய் நின்றேன். எனக்கும் காருக்கும் ஒன்றுமில்லை. புல்தான் கொஞ்சம் எரிந்த மணம்.

பிழை முழுக்க என்னுடையது. போக முன்னர் 18,000 கொடுத்து நல்ல பிறேக் பாட் போட்டேன். பிறேக் ஒயில் மாற்றவில்லை. இரண்டு வருசப் பழசு, பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது, ஐயாயிரம் மிச்சம் என்று விட்டுவிட்டேன். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 என்ற வகை ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 வரைக்கும் இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. குமிழி அமுங்கும், ஒயில் அமுங்காது. ஆகவே மிதிக்கிற பலம் சில்லுக்குப் போகாமல் குமிழியை அமுக்குவதில் முடிந்துவிடும். கடலால் சூழ்ந்த யாழ்ப்பாணக் காற்றில் இரண்டு வருசம் கிடந்த ஒயிலிடம் வேறு என்ன எதிர்பார்க்கலாம்?

பக்கத்தில் நின்ற களுத்துறைக்காரர் ஒருவர், என்னுடைய உடைந்த சிங்களமும் அவருடைய உடைந்த தமிழுமாக, கார் ஆறும்வரை இருக்கச் சொன்னார். பிறகு தன் பெட்டியிலிருந்து இரண்டு போத்தல் புது ஒயில் எடுத்தார். நான் பெடலை மிதிக்க, அவர் ஒவ்வொரு சில்லாகப் படுத்துப் பிறேக் குழாயிலிருந்து காற்று எடுத்தார். வெளியே வந்த பழைய ஒயில் பிளேன்ரீ நிறம். மூன்றாவது நாலாவது முறை இதிலேயே போய்விட்டது. ஒயில் காசு 5,000 மட்டும் வாங்கினார், கூலி வேண்டாம் என்றுவிட்டார்.

அவர் படுத்திருந்தபடியே கேட்டார், கார் ஏற்ற லொறி வருகிறதா என்று. இல்லை, இதிலேயேதான் யாழ்ப்பாணம் என்றேன். எழும்பி இருந்து என்னை ஒருமுறை பார்த்தார். உடைந்தால் ஏற்றிக்கொண்டு போக லட்சத்துக்குக் குறையாது. காப்புறுதியும் கைகொடுக்காது. பந்தயம், வேகச் சோதனை இரண்டையும் என் பொலிசி அச்சிலேயே விலக்கி வைத்திருக்கிறது. அந்தப் பார்வைக்குப் பிறகு கடைசி இரண்டு முறையும் நான் ஓட்டினது, பொஞ்சாதியின் தம்பியின் காரை இரவல் வாங்கினவன் ஓட்டுகிற மாதிரி.

இதையெல்லாம் அப்பாவுக்கு விறாந்தையில் இருந்து சொன்னேன். பெற்றோல் போகவர எண்பது லீற்றர், பாதையில் தொண்ணூறு கிலோமீற்றருக்கு இருபத்திரண்டு லீற்றர். ஒக்டேன் 95, முந்நூற்று நாற்பது சொச்சம் படி 35,000. பதிவு 30,000, அறை 18,000. ஒயிலும் பில்ரரும் போக முன்னர் மாற்றினது 14,000, பிறேக் ஒயில் 5,000, சாப்பாடும் நெடுஞ்சாலைக் காசும் 12,000. பிறேக் பாட் பாதி தேய்ந்தது, அதை 9,000 என்று வையுங்கோ. நாலு ரயரும் 112,000, இப்படி மூன்று நாள் தாங்கும், ஒரு நாளுக்கு 37,000. ஒரு லட்சத்து அறுபதினாயிரம். தலைக்கவசத்தை நான் சொல்லவில்லை.

“எத்தினை நிமிசம் ஓடினனீ?”

“எண்பது.”

“அப்ப நிமிசத்துக்கு ரெண்டாயிரம்.”

உள்ளேயிருந்து மனைவி, “இஞ்சேருங்கோ, அந்தக் காசுக்குக் குளிக்கிற அறைக்கு ஓடு பதிச்சிருக்கலாம்” என்றாள். நியாயம்.

அப்பாவுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் அவருடைய ஒஸ்ரின் ஏ40 மண்ணெண்ணெயில் ஓடியது. பெற்றோலை ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் அடைத்து வைத்திருப்பார். காபரேற்றருக்குள் நாலு துளி விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். புகை கண்ணை எரிக்கும். ஒரு துளி நிலத்தில் சிந்தினால் அம்மாவுக்குக் கேட்கிற மாதிரிப் பேசுவார். நான் இருபத்திரண்டு லீற்றரை ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி எரித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அவர் சிரித்தார். “உன்ர அப்பப்பா சவாரி மாடு வைச்சிருந்தவர். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, எள்ளுப் பிண்ணாக்கு, முட்டை. எங்களுக்கு ஒடியல் கூழ். தைப்பொங்கலுக்குப் பிறகு வண்டில் பூட்டினால் ஓட்டம் ரெண்டு நிமிசம்கூட இல்லை. நீ பரவாயில்லை, எண்பது ஓடியிருக்கிறாய்.”

பிறகு எழும்பி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய் முன் இடது சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். ரயரின் வெளி ஓரத்தில் பெருவிரல் நகத்தை ஓட்டினார். பிறகு கையை உள்ளே விட்டு மற்ற ஓரத்தைத் தடவினார். அது புதிது மாதிரி.

“உது மூண்டு நாளில்லைத் தம்பி. றிம்மிலயிருந்து கழட்டிப் புரட்டிப் போட்டால் இன்னும் ரெண்டு நாள் கூட ஓடும். நாங்கள் ஏ40க்கு அப்பிடித்தானே செய்தனாங்கள்.”

உள்பக்கம், வெளிப்பக்கம் என்று குறி போட்ட ரயர் என்றால் இது சரிவராது. என்னுடையது சாதாரண ரயர், இரண்டு பக்கமும் ஒரே பூ. திங்கள் காலமை கொக்குவிலில் ஒரு ரயர்க் கடையில் நாலையும் கழற்றிப் புரட்டிப் போட்டோம். ஒரு வாங்கில் குந்தியிருந்து அப்பா ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். 1,600 ரூபாய் முடிந்தது. நான் பேர்சை எடுக்க முன்னம் அவர் கொடுத்துவிட்டார்.