கையெழுத்திட்ட படிவமும் காப்பகத்தின் பொறுப்பும்

கோவையில் பகல்நேரக் காப்பகம் ஒன்றில் எங்கள் மகனைச் சேர்த்தபோது நாங்கள் கையெழுத்திட்ட படிவத்தில், "காப்பக வளாகத்தில் குழந்தைக்கு ஏற்படும் எந்தக் காயத்துக்கும் நிர்வாகம் பொறுப்பாகாது" என்று ஒரு நிபந்தனை இருந்தது. இரண்டரை வயதில் அவன் அங்கே மேசை மேல் ஏறி விழுந்து, வலது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சையில் கம்பி வைக்க வேண்டி வந்தபோது, நிர்வாகத்தினர் எங்களுக்குத் தந்த பதில் அந்த ஒரு வரிதான். அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும் பெற்றோர் பலர் இருப்பார்கள் என்பதால், அதன்பின் நடந்தவற்றை எழுதுகிறேன்.

மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வியே எங்கே, எப்படி விழுந்தான் என்பதுதான். காப்பகத்தில் விழுந்தான் என்று சொன்னதை மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதினார். காவல் நிலையத்துக்கும் தகவல் போயிற்று. வீட்டிலேயே அடிபட்டிருக்கலாம் என்று பின்னாளில் எதிர்தரப்பு கிளப்பிய சந்தேகத்தை அந்தப் பதிவின் நகல் ஒன்றே அடக்கியது. அன்று மாலையே, குறிப்பிட்ட மணி நேரத்துக்கான சிசிடிவி பதிவை அழியாமல் பாதுகாக்கும்படி மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் காப்பகத்துக்கு எழுதினோம். பெரும்பாலான கருவிகள் சில வாரங்களில் பழைய பதிவின்மேல் புதியதை எழுதிவிடுவதால், இதைத் தள்ளிப்போட முடியாது.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது பெற்றுக்கொண்டோம். ஆனால் குற்ற வழக்கை மேலே கொண்டுபோக நாங்கள் விரும்பவில்லை. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அஜாக்கிரதையால் அதை ஏற்படுத்துவதற்கு, குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 75-ஆம் பிரிவு இன்னும் கடுமையானது என்றாலும், வேண்டுமென்றே புறக்கணித்ததாக அதில் காட்ட வேண்டியிருக்கும். இவற்றின்படி முதலில் குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது, அத்தனை குழந்தைகளையும் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆயாதான். இன்னோர் ஆளை வேலைக்கு வைக்காமல் செலவைக் குறைத்தவர்கள் வெளியே நிற்க, அந்த அம்மாள் மட்டும் அலைவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஊழியரின் பணிநேரக் கவனக்குறைவுக்கு அவரை நியமித்தவரே இழப்பீடு தர வேண்டும் என்பது உரிமையியல் (சிவில்) சட்டத்தின் பழைய விதி. 1995-இல் பியாஸ் ஆற்றங்கரைக்குச் சுற்றுலா சென்ற பள்ளி மாணவர்கள் 14 பேர் மூழ்கி இறந்த வழக்கில், உடன் சென்ற ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகத்தைப் பொறுப்பாக்கி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்ன தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2001-இல் உறுதிசெய்திருக்கிறது.

ஆகவே வக்கீல் நோட்டீஸுக்குச் சரியான பதில் வராத நிலையில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று புகார் அளித்தோம். நிகழ்வு நடந்த 2 ஆண்டுக்குள் புகார் அளிக்க வேண்டும். ஆணையத்தின் விசாரணை வரம்பும் புகார்க் கட்டணமும், நாம் கேட்கும் இழப்பீட்டைக் கொண்டு அல்லாமல், சேவைக்காக நாம் செலுத்திய தொகையைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. அது 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணமே இல்லை. சேவைக்குப் பணம் செலுத்திய பெற்றோரும் அதனால் பயன்பெறும் குழந்தையும் தனித்தனியே நுகர்வோர்தான் என்பதை ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் 1998-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டதால், மகனுக்காகவும் எங்கள் மன உளைச்சலுக்காகவும் தனித்தனியாகக் கேட்டோம்.

எதிர்தரப்பின் பதில் மனு எங்களைச் சற்று அசைத்தது. தாங்கள் நடத்துவது மழலையர் பள்ளி என்றும், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரமாட்டா என்று மனு சோலங்கி என்பவரின் வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-இல் கூறியிருக்கிறது என்றும் அவர்கள் வாதிட்டார்கள். மாதந்தோறும் அவர்கள் கொடுத்த ரசீதுகள் எங்களைக் காப்பாற்றின. பாலர் வகுப்புக்கு ஒரு தொகை, அதன்பின் மாலை வரை பார்த்துக்கொள்வதற்கு வேறொரு தொகை என்று அவற்றில் பிரித்தே எழுதியிருந்தார்கள்; மகன் விழுந்தது வகுப்பு முடிந்து, மதியத் தூக்கத்துக்குக் குழந்தைகளைப் படுக்கவைத்திருந்த நேரத்தில். பாடம் சொல்லிக்கொடுப்பது கல்வி என்றால், பணம் வாங்கிக்கொண்டு தூங்கவைத்துப் பார்த்துக்கொள்வது சேவை அல்லாமல் வேறென்ன என்று எங்கள் வழக்கறிஞர் கேட்டதை ஆணையம் ஏற்றது.

படிவத்தின் நிபந்தனையைப் பொறுத்தவரை, தன் கவனக்குறைவுக்கே பொறுப்பில்லை என்று ஒருவர் முன்கூட்டி எழுதி வாங்கிக்கொள்வது பொதுநலனுக்கு முரணானது என்றும், பெற்றோரின் கையெழுத்து குழந்தைக்குரிய உரிமையைக் கைவிடச் செய்யாது என்றும் வாதிட்டோம், அதுவும் ஏற்கப்பட்டது. உண்மையில் வழக்கின் உயிர்நாடி வேறிடத்தில் இருந்தது. குழந்தை எப்படி விழுந்தான் என்பதை விட, விழுந்த நேரத்தில் அவனை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் கேள்வி. கவனமுள்ள பெற்றோர் பக்கத்தில் இருந்தும் தடுத்திருக்க முடியாத விபத்து என்றால் காப்பகத்தின்மேல் பொறுப்பில்லை. ஓடும்போது தடுக்கி விழுந்து முட்டியில் சிராய்ப்பதற்கெல்லாம் வழக்குப் போட முடியாது, போடவும் கூடாது. ஆனால் ஆயா பால் காய்ச்சச் சமையலறைக்குப் போனபின் அறையில் பெரியவர் எவரும் இல்லை. மகன் நாற்காலியை இழுத்துப்போட்டு மேசைமேல் ஏறும் வரை எவரும் உள்ளே வரவில்லை என்பதைக் கேமரா காட்டியது. பதிவை மின்னணுச் சான்றாகச் சேர்க்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழைக் காப்பகத்தாரிடமிருந்தே வாங்கும்படி விண்ணப்பித்திருந்தோம். அவர்கள் தந்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இடையில் சமரசமாக ஒரு தொகை தருவதாகவும், எதிர்காலத்தில் எதுவும் கோரமாட்டோம் என்று எழுதித் தரும்படியும் கேட்டார்கள். வளரும் வயதில் முறிந்த முழங்கை பின்னாளில் கோணலாக வளர வாய்ப்புண்டு என்று மருத்துவர் எழுத்தில் கொடுத்திருந்ததால், அதற்கு நாங்கள் உடன்படவில்லை.

மருத்துவச் செலவு முழுவதையும், மகனுக்கு ஓர் இழப்பீட்டையும், வழக்குச் செலவையும் தரும்படி ஆணையம் உத்தரவிட்டது. எங்கள் மன உளைச்சலுக்குக் கேட்டதில் சிறு பகுதியே கிடைத்தது. மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள் அவகாசம் உண்டு. ஆனால் உத்தரவான தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். எதிர்தரப்பு மேல்முறையீட்டுக்குப் போகாமல் முழுத் தொகையையும் செலுத்திவிட்டது. மகனுக்குரிய பங்கு அவன் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியொன்றில் வைப்புநிதியாக இருக்கிறது. 18 வயது முடியும் வரை, சிகிச்சைக்காக ஆணையத்தின் அனுமதி பெற்றாலன்றி, நாங்களும் அதை எடுக்க முடியாது.