சாயமும் கத்தியும் காட்டிய செல்

செல்லின் வரலாற்றை யார் சொன்னாலும் அது லென்ஸின் வரலாறாகவே இருக்கிறது. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் அறை அறையாகப் பார்த்தார். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹூக் தானே தேய்த்த ஒற்றை லென்ஸில் ஏரித் தண்ணீரின் நுண்ணுயிர்களைப் பார்த்தார். பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தது, மிச்சமெல்லாம் தெரிந்துவிட்டது. பள்ளிப் புத்தகமும் இப்படித்தான் சொல்கிறது, யூடியூப் காணொளிகளும் இப்படித்தான் சொல்கின்றன. நோயைக் கண்டறிய உடல் திசுவை ஆராயும் திசுநோயியல் ஆய்வகத்தில் ஸ்லைடு தயாரிப்பதையே தொழிலாகக் கொண்டவள் நான். பாதிக் கதையை விட்டுவிடுகிறார்கள் என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

ஹூக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தக்கையைப் பற்றி எழுதும்போது, பேனாக்கத்தியைச் சவரக்கத்தி அளவுக்குக் கூராகத் தீட்டிக்கொண்டதைத்தான் அவர் முதலில் சொல்கிறார். வெட்டு சரியாக விழாவிட்டால் லென்ஸ் என்ன செய்யும்? அவர் பார்த்தது செத்த தாவரச் செல்களின் சுவர்கள் என்பதால் சாயம் இல்லாமலே தெரிந்தது. விலங்குத் திசு அப்படியல்ல. பெரும்பகுதி தண்ணீர், ஒளி அதனூடே தங்குதடையின்றிப் போய்விடும்.

எங்கள் மேஜையில் இது தினமும் நடப்பது. திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் ஊறி, ஆல்கஹாலும் சைலீனும் கண்டு, மெழுகுக் கட்டிக்குள் உறைந்த திசுவை, மெல்லியதாகச் சீவும் கருவியான மைக்ரோடோமில் பொருத்திச் சக்கரத்தைச் சுற்றினால் 3 அல்லது 4 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமனில் ரிப்பனாக இறங்கும். மூச்சு வேகமாகப் பட்டாலே மடிந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் ஸ்லைடில் ஏந்த வேண்டும். மெழுகை நீக்கிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கண்ணாடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றே சந்தேகம் வரும். அதை ஹீமடாக்சிலினில் முக்குகிறோம். மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரக்கட்டையிலிருந்து எடுக்கும் சாயம் அது. படிகாரம் போன்ற ஓர் உப்பு கூடினால்தான் திசுவைப் பிடிக்கும். செவ்வூதாவாக ஏறிய நிறம் குழாய்த் தண்ணீரில் கழுவக் கழுவ நீலமாக மாறும். உட்கருக்கள் ஒவ்வொன்றாகத் துலங்கும். அடுத்து இயோசின் ஏறினால் சைட்டோபிளாசம் இளஞ்சிவப்பாகும். அதன் பிறகுதான் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறது.

இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் காமிலோ கோல்ஜியின் கதை தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பள்ளியில் கோல்கை உறுப்பு என்று படித்தோமே, அதே பெயர்க்காரர்தான். மிலான் நகருக்கு அருகே அப்பியாத்தெகிராஸோ என்ற ஊரில், தீராத நோயாளிகளுக்கான மருத்துவமனையில் அவருக்கு வேலை. ஆய்வுக்கூடம் கிடையாது, ஒரு சமையலறையைத்தான் ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்டார். பொட்டாசியம் டைகுரோமேட்டில் இறுகிய மூளைத் துண்டை வெள்ளி நைட்ரேட்டில் போட்டபோது, ஒரு சில நரம்பு செல்கள் மட்டும் அத்தனை கிளைகளோடும் கன்னங்கரேலென்று எழுந்து நின்றன. இதை அவர் வெளியிட்டது 1873இல். அதே ஆண்டில்தான் ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் அபே, ஒளி நுண்ணோக்கிக்கு ஓர் எல்லை உண்டு என்று காட்டினார். சுமார் 0.2 மைக்ரானுக்கும் குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளை எவ்வளவு நல்ல லென்ஸாலும் பிரித்துக் காட்ட முடியாது. லென்ஸ் தன் எல்லையை அறிந்த ஆண்டில் சாயம் ஒரு புதிய வாசலைத் திறந்தது.

கால் நூற்றாண்டு கழித்து, 1898இல், தன் முறையைச் சற்று மாற்றி வெண்கூகையின் சிறுமூளைச் செல்களைப் பார்த்த கோல்ஜி, உட்கருவைச் சுற்றி ஒரு வலை போன்ற அமைப்பு இருப்பதாக அறிவித்தார். அரை நூற்றாண்டுச் சண்டை அங்கே தொடங்கியது. அது செல்லின் உறுப்பே அல்ல, உலோக உப்பு படிந்ததால் உண்டான தோற்றம் என்று பலர் மறுத்தார்கள்.

மறுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அமிலம் ஏறிய ஃபார்மலினில் இரத்தம் மிகுந்த திசு நாள்கணக்கில் கிடந்தால் பழுப்புக் கறுப்பாகப் பொடி படியும். நுண்ணோக்கியில் அது வெகு தெளிவாகத் தெரியும். நோயாளியின் உடலிலோ அது கிடையாது. நாம் ஊற்றிய திரவம் உண்டாக்கியது. ஸ்லைடில் தெரிவதெல்லாம் செல்லில் இருந்ததா என்ற சந்தேகம் இந்த வேலைக்கு மிக அவசியமான சந்தேகம்.

கோல்ஜி 1926இல் காலமானார். சண்டை ஓயவில்லை. 1931இல் பெர்லினில் ருஸ்காவும் நோலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கினார்கள். அது வந்ததும் எல்லாம் தெரிந்துவிட்டதா? இல்லை. எலக்ட்ரான் கற்றை ஊடுருவ வேண்டுமென்றால் திசு 0.1 மைக்ரானுக்கும் மெல்லியதாக இருக்க வேண்டும். நாங்கள் வெட்டுவதைவிட முப்பது, நாற்பது மடங்கு மெல்லியது. அப்படி வெட்ட அன்று கத்தி இல்லை. அதனால் 1945இல் போர்ட்டர், கிளாட், ஃபுல்லம் மூவரும் வெட்டாமலே தப்பிக்க வழி பார்த்தார்கள். கோழிக் கருவின் செல்களைத் தட்டையாகப் படர்ந்து வளரவிட்டு, மெலிந்த ஓரங்களைப் படம் பிடித்தார்கள். செல்லுக்குள் பரவியிருக்கும் சவ்வு வலையான எண்டோபிளாச வலைப்பின்னல் முதன்முதலில் கண்ணில் பட்டது அங்கேதான். 1950இல் லாட்டாவும் ஹார்ட்மனும் உடைத்த கண்ணாடியின் விளிம்பையே கத்தியாக்கினார்கள். 1952இல் ஜார்ஜ் பலாடே, ஆஸ்மியம் டெட்ராக்சைடு என்ற ரசாயனக் கரைசலின் அமிலத்தன்மையைச் சீராக்கி, செல்லைச் சிதையாமல் நிலைநிறுத்தும் முறையைத் தந்தார். கத்தியும் திரவமும் கைகூடிய பிறகுதான் 1954இல் டால்டனும் ஃபெலிக்ஸும் எடுத்த படங்களில் கோல்ஜி உறுப்பு அடுக்கடுக்கான தட்டுப் பைகளாகத் தெளிவாகத் தெரிந்தது. கூகையின் மூளையில் அந்த மனிதர் கண்டது உண்மை.

இதில் என்னைக் கவர்ந்தவர் பலாடே. 1949இல் கிளாடுடன் சேர்ந்து, கோல்ஜி உறுப்பு வெறும் செயற்கைத் தோற்றம் என்று வாதிட்டவர் அவர். பிற்பாடு அந்த உறுப்பின் வேலையை நிரூபித்தவரும் அவரே. ஜேமிசனோடு சேர்ந்து கினிப்பன்றிக் கணையத்தின் சீவல்களுக்குக் கதிரியக்கமேற்றிய அமினோ அமிலத்தை 3 நிமிடம் மட்டும் கொடுத்து, புதிதாக உருவாகும் புரதம் எங்கே போகிறது என்று தொடர்ந்தார். ரைபோசோம் ஒட்டிய எண்டோபிளாச வலைப்பின்னலில் தொடங்கி, சில நிமிடங்களில் கோல்ஜிப் பகுதியை எட்டி, சுமார் 2 மணி நேரத்தில் செரிமான நொதிகளைச் சுமக்கும் துகள்களுக்குள் போய்ச் சேர்ந்தது. செல்லில் ஒரு புரதத்துக்கு வழித்தடம் உண்டு என்பது அப்படித்தான் உறுதியானது. கிளாட், டி டூவ் ஆகியோரோடு பலாடேக்கு 1974இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி, சாதாரண ஸ்லைடிலேயே கோல்ஜியைப் பார்க்கும் வழி ஒன்றைச் சொல்கிறேன். ஆய்வக மாணவர்கள் முயன்று பார்க்கலாம். நாள்பட்ட அழற்சி உள்ள திசுவில் பிளாஸ்மா செல்லைத் தேடுங்கள். முட்டை வடிவம், ஓரமாக ஒதுங்கிய உட்கரு. எதிர்ப்பொருள் தயாரிக்கும் செல் என்பதால் சைட்டோபிளாசம் முழுக்க ரைபோசோம் நிறைந்து ஊதாவாக இருக்கும். உட்கருவை ஒட்டி ஓரிடம் மட்டும் சாயம் ஏறாமல் வெளிறிக் கிடக்கும். கோல்ஜி உறுப்பு இருக்கும் இடம் அது. ஹீமடாக்சிலின் சற்றே கூடிப்போனாலும் அந்த வெளிறல் மங்கிவிடும். அதனால் புதுச் சாயம் கலக்கிய அன்று, முதல் ஸ்லைடில் நான் தேடுவது அதைத்தான். தெளிவாக இருந்தால் அன்றைய ஸ்லைடுகளைத் தொடர்வேன். இல்லையென்றால் நேரத்தைக் குறைத்து மறுபடி ஒன்றை முக்குவேன்.