தேயிலை மலையிலிருந்து வந்தவர்களுக்கு ஏப்ரல் மாத ஸ்கீ ஏற்றம்

மூணாறு, தேவிகுளம் எஸ்டேட்டுகளில் வளர்ந்து ஐரோப்பாவில் குடியேறிய தமிழர்களுக்கு மலை ஏறச் சொல்லித்தர வேண்டியதில்லை. பனிதான் புதிது. ஸ்கீ ஏற்றம் என்றால் ஸ்கீயை மாட்டியபடியே மலை ஏறி, அதிலேயே சறுக்கி இறங்குவது. லிஃப்ட் உள்ள சறுக்குப் பாதைகளில் ஸ்கீ நன்றாகக் கைவந்த பிறகே மலைப்பக்கம் போகலாம். நான்காயிரம் மீட்டரைத் தாண்டும் முதல் சிகரமாகப் பலர் தேர்ந்தெடுப்பது இத்தாலியின் கிரான் பராடிசோ: 4,061 மீட்டர். ஆனைமுடி 2,695 மீட்டர்தான். இங்கே இரவு தங்கும் விட்டோரியோ எமனுவேலே குடிலே 2,732 மீட்டரில் இருக்கிறது.

ஜனவரியில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும் இரவில்தான் தேயிலைக் கொழுந்து உறைபனியில் கருகும். மேகம் மூடினால் தப்பிக்கும். வசந்தகாலப் பனிக்கும் அதே கணக்குதான். பகலில் இளகியது தெளிந்த இரவில் இறுகும். காற்று பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் பனியின் மேற்பரப்பு உறைந்துவிடும். காலை வெயிலில் மேலே ஓரிரு சென்டிமீட்டர் இளகும் நேரம்தான் சறுக்க அருமை. அது கடந்தால் கால் புதையும், ஈரப் பனிச்சரிவும் கிளம்பும். இரவெல்லாம் மேகமூட்டம் என்றால் குடிலிலேயே காப்பி குடித்துக்கொண்டிருங்கள்.

குடிலிலிருந்து ஏற்றம் ஏறத்தாழ 1,330 மீட்டர். மணிக்கு 300 மீட்டர் ஏறினால் நாலரை மணி நேரம். ஆகவே அதிகாலை நாலரைக்குள் கிளம்ப வேண்டும். சரிவு மேற்கு நோக்கியது, வெயில் தாமதமாகத்தான் வரும். காலையில் கண்ணாடிபோல் வழுக்கும் என்பதால் ஸ்கீயில் மாட்டும் உலோகப் பற்களான கிராம்பானை மறக்காதீர்கள். பனியாற்றில் கயிறு, அதை இணைக்க இடுப்பில் கட்டும் ஹார்னெஸ். ஆளுக்கொரு ட்ரான்ஸீவர் (பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி), மண்வெட்டி, துழாவுகம்பி. புறப்படும்போதே எல்லோருடைய ட்ரான்ஸீவரும் சிக்னல் அனுப்புகிறதா என்று சோதியுங்கள். புதைந்தவரைத் தேடும்போது செல்பேசி ட்ரான்ஸீவரிலிருந்து 50 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். அவரை எடுக்கப்போவது உடன் வந்த நண்பர்கள்தான், ஹெலிகாப்டர் அல்ல.

அதிகம் தொல்லை தருவது ஸ்கின் பட்டை, அதாவது ஏறும்போது பின்னால் வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டை. கழற்றும்போது பசையில் பனித்தூள் ஒட்டினால் அடுத்த முறை பிடிக்காது. இரண்டாக மடித்து ஜாக்கெட்டுக்குள், நெஞ்சோடு வையுங்கள். கைவசம் இரண்டு ரப்பர் ஸ்ட்ராப் இருந்தால் பிரிந்த பட்டையைக் கட்டியாவது ஏறிவிடலாம்.

பூட்ஸின் முனையை இரு ஊசிகளால் ஸ்கீயோடு பிடிக்கும் ‘பின்’ (pin) பைண்டிங்கில் முன்பக்க லீவருக்கு அடியில் பனிக்கட்டி இறுகினால் ஊசிகள் முழுதாக மூடாது. பூட் மாட்டியதுபோல் தெரியும், முதல் வளைவில் கழன்றுவிடும். கம்பின் நுனியால் சுரண்டி எடுங்கள். ஏறும்போது பூட்டிய முன் லீவரை இறங்கும்முன் திறக்க வேண்டும். பூட்டியே விட்டால் விழும்போது ஸ்கீ கழலாது, கால் எலும்புதான் முறியும். ஸ்கீ பூட்ஸை நடை நிலையிலிருந்து சறுக்கு நிலைக்கு மாற்றாமல் கிளம்புவதும் அடிக்கடி நடப்பதுதான்.

உச்சிக்குச் சற்று கீழே ஸ்கீயை விட்டுவிட்டு, பூட்ஸில் மாட்டும் கிராம்பானும் ஐஸ் கோடரியுமாகப் பாறையில் ஏற வேண்டும். உச்சியில் உள்ள மாதா சிலைக்குப் போக அங்கே வரிசை நிற்கும். நேரமாகிவிட்டால் தொடாமலே திரும்புங்கள்.

நம் நிறத்துக்கு வெயில் சுடாது என்று நம்பாதீர்கள். பனியில் பட்டு எதிரொளிக்கும் வெயில் மூக்கின் அடிப்பக்கத்தையும் சுட்டுவிடும். தண்ணீருக்கு ஃபிளாஸ்க்தான் சரி, குழாய் வைத்த தண்ணீர்ப் பை உறைந்துபோகும். கடலைமிட்டாயை உள்பையில் வையுங்கள். வெளிப்பையில் இருந்தால் பல்தான் உடையும்.

1922-இல் அமைந்த இந்தத் தேசியப் பூங்காவில் ஐபெக்ஸ் ஆடுகள் உண்டு. வரையாட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பாறையில் சட்டென்று தட்டுப்படும். மே மாதமானால் குடிலுக்குக் கீழே பனி பாதியில் முடிந்துவிடும். ஸ்கீயைப் பையில் கட்டி, அடிவாரத்தில் உள்ள போன் (Pont) என்ற கிராமம் வரை நடக்க வேண்டியிருக்கும். அதற்கு லேசான ஷூ ஒன்றைக் குடிலிலேயே வைத்துவிட்டு ஏறுங்கள்.